இரண்டு கடிகாரங்கள்: பத்தடிச் செடித்தொட்டியில் ஒரே இரவில் இறந்த அறுபது மீன்கள்

பின்னணி

மதுரையில், வைகைக்கு வடகரையில் ஒரு தனி வீடு. வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருப்பவர். சின்ன வயதில் கண்மாயில் தூண்டில் போட்ட நினைவு அவருக்கு விட்டுப்போகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கண்மாய் வேண்டும் என்று கேட்டார். பத்தடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். நான் செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகளோடு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, அமைத்துப் பராமரிக்கும் வேலை செய்பவன். இதற்குமுன் நான் கட்டியதில் பெரியது ஆறடித் தொட்டிதான்.

தீபாவளி கழிந்து வேலை தொடங்கியது. சித்திரையில் ஒரே இரவில் அறுபது மீன்கள் செத்தன. அதற்கு நோயும் காரணமில்லை, கெட்ட தண்ணீரும் காரணமில்லை. அந்த இரவுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்காகத்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன். தவறுகளில் பெரியது என்னுடையது.

எடை

முதல் பேச்சே இடத்தைப் பற்றித்தான். மாடி ஹாலில் வைக்க ஆசைப்பட்டார்.

"மாடிக் காங்கிரீட்டு தாங்காதா தம்பி? அத்தனை பேரு ஏறி நிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே."

"ஆளுங்க வந்து போயிருவாங்க சார். இது நின்ன இடத்துலயே நிக்கும்."

கணக்குப் போட்டுக் காட்டினேன். 75 கன அடி என்றால் விளிம்புவரை 2,100 லிட்டருக்கு மேல். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் நிற்கும் தண்ணீர் 1,750 லிட்டர். 19 மி.மீ. கண்ணாடி மட்டும் 400 கிலோவைத் தாண்டும். மணலும் மண்ணும் 340 கிலோ, கல்லும் மரமும் 200 கிலோ. மொத்தம் மூன்று டன்னை நெருங்குகிறது. சதுர மீட்டருக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் கிலோ. குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு இந்தியக் கட்டடத் தரவிதியான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். அவர் கணக்கு தெரிந்த மனிதர். காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, சரி, கீழேயே வைப்போம் என்றார்.

கீழேயும் டைல்ஸுக்கு அடியில் நிரவிய மண் பொதபொதவென்று இருந்தது. கொத்தனார் டைல்ஸை வெட்டி எடுத்து, மண்ணை இடித்து இறுக்கி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் ஒன்பது அங்குலச் சுவர்கள் எழுப்பி, பலகையாக ஒரு கம்பி கட்டிய சிலாப் போட்டார். சிலாபுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெர்மோகோல் தாள். கண்ணாடி ஒட்டிய ஹாலில் ஒரு வாரம் வினிகர் வாடை அடித்தது. சிலிகான் காய்கிறது என்றேன். அப்பத்தா, அதாவது வீட்டுக்காரரின் தாயார், "ஊறுகா போட்ட வீடு மாதிரி இருக்கு" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அவர் அப்பத்தா, எனக்கும் அப்படியே. அவர் படுப்பது அந்த ஹாலில்தான். இது பின்னால் முக்கியமாகும்.

தண்ணீர்

போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) 1,400. கார்பனேட் கடினத்தன்மை 18 டிகிரி. அதில் செடி வளர்ப்பது வீண் வேலை. மாநகராட்சித் தண்ணீர் அளந்தபோது 240-ம் 5 டிகிரியும் இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதைப் படிக்கட்டுக்கு அடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் பிடித்து, குளோரினை முறிக்க ஹைப்போ கலந்து, ஒருநாள் வைத்திருந்து ஊற்றுவது என்று முடிவு செய்தோம். ஆவியாகும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். ஆவியாவது வெறும் நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதற்கும் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் போர்த் தண்ணீர் ஆகிவிடும்.

இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 70 லிட்டர். மோட்டார் நின்றால் ஒன்றரை அங்குலம் கீழே சம்ப்புக்கு, அதாவது தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டிக்கு, இறங்கும், அதாவது நூறு லிட்டர். சம்ப்பில் அதற்கு இடம் விட்டுத்தான் நீர்மட்டம் வைத்தோம். மின்தடையைப் பற்றி நாங்கள் ஒழுங்காக யோசித்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மண், மரம், செடி

கண்மாய் வண்டல் போடலாம் என்பது வீட்டுக்காரர் யோசனை. வயல் உரமும் சாணமும் கலந்து வந்து படிந்த வண்டலில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் மறுத்தேன். சலித்த செம்மண்ணை நான்கு முறை ஊறவைத்து, வடித்து, வெயிலில் காயவைத்து ஓர் அங்குலம் பரப்பினோம். மேலே இரண்டு அங்குலம் குவார்ட்ஸ் மணல். கற்கள் மேலூர்ப் பக்கத்து கிரானைட் துண்டுகள். வேறு யாரோ கொண்டுவந்த ஒரு கூடைக் கல்லில் டாய்லெட் ஆசிட் சொட்டுவிட்டதும் பொங்கியது, சுக்கான் கல். அதைத் தோட்டத்துக்கு அனுப்பினோம். மரத்துக்குக் கொய்யாக் கிளைகள். டிரம்மில் மூன்று வாரம் ஊறியபோது தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்து, பிறகு வெளுத்தது.

செடிகளில் பின்வரிசைக்கு வாலிஸ்நேரியாவும் ரொட்டாலாவும். நடுவில் கிரிப்டோகோரைன், நீர்ப்பிரமி, ஒரு மூலையில் ஆம்பல் கிழங்கு. மரத்தில் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். முதல் மாதத்துக்கு மட்டும் வேலம்பாசியைக் கட்டுக் கட்டாக மிதக்கவிட்டோம். வேகமாக வளர்ந்து மண்ணிலிருந்து கசியும் அமோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அள்ளி எடுத்துவிடலாம். கண்மாயிலிருந்து வந்தது என்பதால் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்தே போட்டோம். அப்படியும் ஒரு தட்டான் புழு உள்ளே வந்துவிட்டது.

கிரிப்டோகோரைன் இலைகள் வழக்கம்போல் கரைந்து, பிறகு துளிர்த்தன. பழுப்புப் பாசி வந்தது, போனது. ஐந்து வாரம் கழித்து, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றன.

மீன்கள்

முதலில் விட்டது அயிரை. நெல்பேட்டையில் உயிரோடு வாங்கினேன். விற்ற அம்மா "கொழம்புக்குப் பத்தாதேப்பா இது" என்றார். வளர்க்க என்றதும் கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டார். அறுபதில் நாற்பது தேறின. மணலைக் கிளறி வைத்திருக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. அப்புறம் மெலன் பார்ப் 30, ஃபிலமென்ட் பார்ப் 20, பாசி மேய்வதற்கு சயாமீஸ் அல்கே ஈட்டர் 12, முத்து கௌராமி 10.

மிஸ் கேரளா விஷயத்தில்தான் வாக்குவாதம். செங்கோடும் கருங்கோடுமாக ஓடும் அந்த மீன் கேரளா, கர்நாடக மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியது. அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சு என்றால் மட்டும் வாங்கலாம் என்றேன், அப்படியே வாங்கினோம். ஆனால் பாறைமேல் ஓடும் குளிர்ந்த நீரில், பிராணவாயு நிறைந்த இடத்தில் வாழ்கிற மீன் அது. மதுரைச் சித்திரையில் தொட்டி நீர் 33 டிகிரியைத் தொடும். நான்கு மின்விசிறிகளை நீர்மேல் அடிக்கவிட்டால் 30.5-க்கு இறங்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னேன். அவர் கைப்பேசியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 24 வாங்கினோம். மறுத்திருக்க வேண்டும்.

மூன்று சின்ன முடிவுகள்

பங்குனியில் ரொட்டாலா வெளிறி, குட்டை குட்டையாக வளர்ந்தது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்தோம். சோடாக் கம்பெனிகளுக்கு நிரப்பித் தருகிற இடத்திலேயே நமக்கும் நிரப்பினார்கள். "தொட்டியில சோடாவ ஊத்துறீங்களாம்ல" என்று அப்பத்தா கேட்டது தப்பே இல்லை. விளக்கு காலை 11 முதல் இரவு 7 வரை. வாயு காலை 10 முதல் மாலை 5 வரை.

அதையொட்டி மூன்று முடிவுகள் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது.

ஒன்று, விட்ட வாயு வீணாகாமல் இருக்கச் சம்ப்பை மூடி டேப் ஒட்டினோம். தண்ணீர் திரும்பும் குழாயின் வாயையும் நீர்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே இறக்கினோம். நீர் சலசலக்காவிட்டால் வாயு வெளியே போகாது. இரண்டாவது, ராத்திரி ஓடிய ஏர் பம்ப்பின் "உர்ர்" சத்தத்தில் அப்பத்தாவுக்குத் தூக்கம் இல்லை. எடுத்துவிட்டோம். மூன்றாவதுதான் ஒன்றுமே இல்லாத விஷயம்போல் தெரிந்தது. மோட்டார், விளக்கு, விசிறிகள் எல்லாம் இன்வெர்ட்டரில். விளக்குக்கு பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர். வாயுவைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுக்கு இன்வெர்ட்டர் பிளக் பாயின்ட் மிச்சமில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த நேரடி மின் இணைப்பில், பல்லு பல்லாக வட்டம் சுற்றும் ஒரு சாதா டைமரை மாட்டி அதில் செருகினேன்.

அந்த வகை டைமர் மின்சாரத்தில் சுற்றுவது. கரண்ட் போனால் நிற்கும். வந்தால் நின்ற இடத்திலிருந்து சுற்றும். சின்னச் சின்ன மின்தடைகளில் அரை மணி, முக்கால் மணி பின்தங்கியதை இரண்டு முறை விரலால் திருப்பிச் சரிசெய்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. முந்தைய மாதாந்திர மின் பராமரிப்பு நாளன்று சிலிண்டர் நிரப்பப் போயிருந்ததால் தப்பித்தோம்.

அந்த நாள்

அழகர் ஆற்றில் இறங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. முதல்நாளே பேப்பரில் வந்திருந்தது. இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் என்பதால் வீட்டில் விளக்கு, விசிறி, தொட்டி எல்லாம் வழக்கம்போல் ஓடின. கரண்ட் இல்லை என்பதே உறைக்காத வீடு.

பகல் 2 மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார்.

"தம்பி, டிராப் செக்கர் நீலமாவே இருக்கு. குமிழும் வரல."

டிராப் செக்கர் என்பது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி: குறைந்தால் நீலம், அளவாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். நான் வேறொரு வீட்டில் முழங்கை வரை தண்ணீரில் இருந்தேன். "சிலிண்டர் தீரப் போகுது போல சார். ஊசி வால்வ அரைச் சுத்து திறந்து விடுங்க" என்றேன். கரண்ட் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

வாயு வரும் அளவைக் கூட்டிக் குறைப்பது அந்த ஊசி வால்வுதான். அவர் திறந்தார். மூடிய சொலினாய்டுக்குப் பின்னால் எத்தனை சுற்று திறந்தாலும் குமிழ் வராது. வராததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் திறந்தார்.

மாலை 6:15-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குமிழ் எண்ணும் குப்பியில் எண்ணவே முடியாதபடி குமிழ்கள். கீழே "கேஸ் வந்துருச்சு தம்பி" என்று எழுதியிருந்தார். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். 5 மணிக்கே மூட வேண்டிய வாயு 6:15-க்கு ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

அந்த இரவு

காலை நாலரைக்குக் கோலம் போட எழுந்த அப்பத்தாதான் பார்த்தார். "மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுய்யா" என்று மகனை எழுப்பியிருக்கிறார். ஐந்தரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மிஸ் கேரளாக்கள் மணல்மேல் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன. மெலன் பார்ப்கள் மூலையில் நீர்மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு செவுளை அடித்துக்கொண்டிருந்தன.

காரணம் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீரைக் கலக்குவது. திரும்பும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டினோம், சம்ப் மூடியைக் கழற்றினோம், பழைய ஏர் பம்ப்பைத் தேடி எடுத்து மாட்டினோம். அதன்பிறகே சோதனை.

முதல் சந்தேகம் குளோரின். முந்தின நாள் தண்ணீர் மாற்றவே இல்லை என்றார். அது அத்தோடு போயிற்று. அமோனியா லிட்டருக்கு 0.25 மி.கி.; ஏற்கெனவே செத்த மீன்கள் கிடக்கும் தொட்டியில் அதில் ஆச்சரியமில்லை. அப்புறம் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பார்த்தேன்; கார்பன் டை ஆக்சைடு கூடினால் அது இறங்கும். வழக்கமாக விடியலில் 7.2 இருக்கும். அன்று 6.2. டிராப் செக்கர் எலுமிச்சம்பழத் தோல் நிறம்.

அங்கேயே பாதி விளங்கிவிட்டது. கார்பனேட் கடினத்தன்மை 5 டிகிரி உள்ள நீரில் பிஎச் 6.7 என்றால் கரைந்த கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 30 மி.கி. அளவில் இருக்கும். செடித்தொட்டிக்காரர்கள் எல்லோரும் வைத்துக்கொள்கிற எல்லை அதுதான். 6.2 என்றால் 95. வாயு நின்று பல மணி நேரம் கழித்து, குழாயைத் தூக்கிய பிறகு எடுத்த அளவு இது. நள்ளிரவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மற்ற பாதியை இறந்தவையும் பிழைத்தவையுமே சொல்லின. கடைசி எண்ணிக்கை: மிஸ் கேரளா 24-ல் 21 இறந்தன. மெலன் பார்ப் 19, ஃபிலமென்ட் பார்ப் 11, அல்கே ஈட்டர் 7, அயிரை இரண்டு. மொத்தம் 60. கௌராமி பத்தும் பிழைத்தன. கௌராமிக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. அயிரை மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகவே கொஞ்சம் சமாளிக்கும். நச்சு மருந்தோ நோயோ என்றால் இவை இப்படிப் பிரிந்து நின்றிருக்காது. மூச்சுதான் பிரித்திருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு ஏறினால் நீரிலுள்ள பிராணவாயு வெளியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டும் தனித்தனியாகக் கரைபவை. வெளியில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் மீன் தன் ரத்தத்தில் உள்ளதை வெளியேற்ற முடியாது. ரத்தம் அமிலமாகும், அமிலமான ரத்தத்தால் பிராணவாயுவைப் பிடித்து வைக்க முடியாது. நீரில் பிராணவாயு இருந்தும் திணறும். இங்கே அதுவும் குறைவுதான்: 30 டிகிரியில் நீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராமுக்கு மேல் பிடிக்காது, இருட்டில் செடிகளும் அதையே சுவாசிக்கின்றன.

டைமர்

ஏழரை மணிக்குத்தான் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். டைமரின் முள் இரவு பதினொன்றரையில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் காலை ஏழரை. சரியாக எட்டு மணி நேரம்.

9 மணிக்கு நின்ற வட்டம் மாலை 5-க்குத்தான் மறுபடி சுற்றத் தொடங்கியிருக்கிறது. அதன் கணக்கில் "காலை 10" ஆனது நிஜத்தில் மாலை 6 மணிக்கு. வால்வு அப்போது திறந்து இரவு 1 மணிக்கு மூடியிருக்கிறது. விளக்கோ சரியாக 7-க்கு அணைந்துவிட்டது. ஆறு மணி நேரம் இருட்டில், வாயுவை உறிஞ்ச ஒரு இலையும் இல்லாமல், என் சொல்லால் அகலத் திறந்த வால்வு வழியாக. 1 மணிக்கு அதுவாகவே மூடிக்கொண்டதால்தான் மிச்சம் பிழைத்தது.

வீட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன், போனில் சொன்னது என் தப்பு என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் கரண்டு இல்லைன்னு சொல்லலையே தம்பி" என்றார்.

பின் நடந்தவை

சின்டெக்ஸில் தயாராக இருந்த நீரில் 500 லிட்டர் மாற்றினோம். ஒரேயடியாக அதற்குமேல் மாற்றவில்லை. வாயு வெளியேற வெளியேற பிஎச் தானாகவே ஏறும். அமோனியாவும் இருக்கும்போது அது வேகமாக ஏறுவது ஆபத்து. பிஎச் ஒரு புள்ளி கூடினால் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். பிணங்களை எல்லாம் எடுத்தது மதியம்தான். வாலிஸ்நேரியாவுக்குள் சிக்கியவற்றை அயிரைகள்தான் காட்டிக்கொடுத்தன. பிற்பகலில் பிஎச் 7.1. மறுநாள் இரண்டு மெலன் பார்ப் தீனி எடுக்கவில்லை, மூன்றாம் நாள் எடுத்தன. அதற்குப்பின் சாவு இல்லை. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொட்டாலா அந்த வாரம்தான் நன்றாகச் சிவந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மாற்றியவை

வாயுவின் வால்வை விளக்கின் டிஜிட்டல் டைமரிலேயே, விளக்குக்கு ஒரு மணி முன்னதாகத் திறக்கும் இரண்டாவது இணைப்பாக மாற்றினோம். இனி இரண்டுக்கும் ஒரே கடிகாரம். கூடவே பிஎச் 6.6-க்கு இறங்கினால் வாயுவை அடைக்கும் கன்ட்ரோலர். ஏர் பம்ப் திரும்ப வந்தது, விளக்கு அணைந்ததும் ஓடும்படி; சத்தம் வராமல் இருக்க அதைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்து, நீளக் குழாய் இழுத்தோம். சம்ப் மூடியில் டேப் இல்லை. கொஞ்சம் வாயு வீணாகிறது. வீணாகட்டும்.

ஊசி வால்வைப் போனில் பேசித் திருப்புவதில்லை. யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி, "கரண்ட் இருக்கா?"

இரண்டு மாதம் புதிய மீன் விடவில்லை. பிறகு மெலன் பார்ப்பும் ஃபிலமென்ட் பார்ப்பும் மட்டும் சேர்த்தோம். வெப்பத்தில் அவை எங்களோடு ஒத்துப்போகின்றன. மிஸ் கேரளாவை மறுபடி வாங்க அவர் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. மிஞ்சிய மூன்றும் குழாய்வாய்க்கு எதிரே, நீர் வேகமாக வரும் இடத்திலேயே நிற்கின்றன.

பழைய டைமரை எறிந்துவிடலாம் என்றேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லி, அதை ஹாலில் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு நேரடி பிளக்கில் வெறுமனே செருகி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் கரண்ட் போகவில்லை என்று பொருள். போன மாதப் பராமரிப்பு நாளன்று மாலை எனக்குப் போன் வந்தது. பேசியது அப்பத்தா. "ஏப்பா, மேல அஞ்சு, கீழ ஒம்பது. சோடாவப் பாத்துக்கச் சொல்லவா?"